கையில் இருக்கும் தூண்டில்

வேலை முடிந்த மாலையில் தோட்டத்துக் கால்வாயோரம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு மீன் என்று சொல்லிக்கொண்டே இருட்டும்வரை எழுந்திருக்கமாட்டார்கள். போட்டவுடன் மீன் விழுந்தால், கறிக்குப் போதுமானது சேர்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீனே இல்லை என்று தெரிந்தாலும் போய்விடுவார்கள். எப்பொழுது கடிக்கும் என்று தெரியாததுதான் அவர்களை அங்கே கட்டிப்போடுகிறது.

கைப்பேசியும் நம்மை இவ்வாறுதான் கட்டிப்போடுகிறது.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் என்பவர் புறாக்களை வைத்து இதை ஆராய்ந்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் புறாவுக்குத் தீனி கிடைக்கும். கொத்தும்போதெல்லாம் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றவுடன் விரைவில் கொத்துவதை விட்டுவிட்டது. சில வேளை மட்டுமே, அதுவும் கணக்கில்லாமல், தீனி பெற்ற புறாவோ தீனி நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருந்தது. நாலு நம்பர் எடுப்பவர் அடுத்த வாரமும் எடுப்பது ஏன் என்பது இப்பொழுது விளங்குகிறதல்லவா?

கைப்பேசியைத் திறந்தால் நல்ல படம் வரலாம், நண்பரின் செய்தி வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். ஆகவே திரும்பத் திரும்பத் திறக்கிறோம். மேலும், முன்பு பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. முடிந்ததும் கண்ணை எடுத்தோம். 2006-ஆம் ஆண்டில் ஏசா ராஸ்கின் என்பவர் முடிவே இல்லாமல் நகரும் பக்கத்தை அமைத்தார். பிற்காலத்தில் அதற்காக அவரே வருந்தினார்.

நேயர்களே, இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது பள்ளிகள் மூடியிருந்தன. பாடங்களை வாட்சாப் வழியாக அனுப்பினோம். பிள்ளைகள் கையில் கைப்பேசியைக் கொடுக்கச் சொன்னவர்கள் நாங்களே. எப்படித் திரும்ப வாங்குவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜொகூரில் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் தூங்கி விழுந்தான். தந்தை செம்பனைக் குலை வெட்டுபவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். தாய் தொழிற்சாலை பஸ்ஸில் போய் இரவில் திரும்புவார். "போனைப் பிடுங்கிப் பூட்டிவையுங்கள்" என்று நாங்கள் சொன்னோம். மூன்று நாள் கழித்துத் தந்தை வந்தார். "டீச்சர், பூட்டி வச்சிட்டேன். ஆனா பையன் எங்ககிட்ட பேசவே மாட்டேங்கிறான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பையனைத் தனியே அழைத்து விசாரித்தோம். "அந்த விளையாட்டுலதான் டீச்சர், எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க" என்றான். அவன் லயத்தில் பல வீடுகள் காலியாகிவிட்டன. பந்தடிக்கக் கூட ஆளில்லை. நாங்கள் பிடுங்கச் சொன்னது அவனுக்கிருந்த ஒரே கூட்டத்தை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், கட்டுமீறிய மின்விளையாட்டுப் பழக்கம் இடம்பெற்றுள்ளது. கைப்பேசி பார்ப்பதெல்லாம் நோயென்று அது கூறவில்லை. ஆகவே பிள்ளையைப் பைத்தியம் என்று ஏசவேண்டாம். உறக்கம், படிப்பு, உணவு, உறவு ஆகியவை மாதக்கணக்கில் கெட்டால் மருத்துவரிடம் காட்டுவோம்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. வேண்டாத அறிவிப்பு ஓசைகளை நிறுத்திவைப்போம். இரவில் எல்லாருடைய கைப்பேசியும், அப்பா அம்மாவினுடையதும், கூடத்திலேயே இருக்கட்டும். நிறுத்தவேண்டிய நேரத்தை முன்கூட்டியே சொல்லி, ஆட்டம் ஒன்று முடிந்ததும் வாங்குவோம். நடுவில் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த இடத்தில் வேறொன்றை வைப்போம்.

அந்தத் தந்தை மாலையில் மகனையும் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு திடலுக்குப் போகத் தொடங்கினார். கைப்பேசி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் பையன் விளையாடுகிறான். வகுப்பில் இப்பொழுது தூங்குவதில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். கூப்பிடும்போது நம் கையில் கைப்பேசி இல்லாமல் இருக்கட்டும்.