எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்



2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆசையாகச் சாக்லேட் கொடுத்தார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது: பிள்ளை பிடிக்கிறவர்களோ? கார் போய்ச் சேருமுன் செய்தி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கூட்டம் வழிமறித்து அடித்ததில் 65 வயதுத் தாய் ஒருவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒரு மனிதர் இதே சந்தேகத்தால் கொல்லப்பட்டார்.

அதற்குச் சில வாரங்களாகவே வட மாவட்டங்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து கும்பல் வந்திருக்கிறது, குழந்தைகளைக் கடத்துகிறது என்று. அந்த ஆண்டு இந்தியா முழுவதும் ஒரு வீடியோவும் சுற்றியது. இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்தக் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அடித்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு நிம்மதி. ஆனால் அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்தான். பிள்ளைக்கு ஆபத்து என்றால் நாம் மட்டும் நின்று விசாரிப்போமா? நம் பூரணாங்குப்பம் பக்கமும் கடற்கரைக்கு வழி கேட்டு வெளியூர் வண்டிகள் வருகின்றன.

இது நடந்து நான்கு நாள் கழித்து, மே 13ஆம் நாள், உலக சமூகத் தொடர்பு நாள். அந்த ஆண்டுச் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் எடுத்துக்கொண்ட பொருளே பொய்ச் செய்திதான். முதல் பொய்ச் செய்தியைப் பரப்பியது ஏதேன் தோட்டத்துப் பாம்பு என்று அவர் காட்டினார். தொடக்க நூல் மூன்றாம் அதிகாரத்தைக் கவனித்துப் பாருங்கள். கடவுள் விலக்கியது ஒரே ஒரு மரம். பாம்போ எல்லா மரங்களையும் விலக்கிவிட்டாரோ என்பதுபோல் கேட்கிறது. கொஞ்சம் உண்மை, அதன்மேல் பொய். கராச்சிப் படத்துக்கு நடந்ததும் அதுதானே!

சரி, அனுப்பியவருக்கு இதில் என்ன பங்கு? "எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன், சாமி" என்கிறோம். விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம் முதல் வசனத்தில் பொய் வதந்தியைப் பரப்புவதை விலக்குகிறது. அடுத்த வசனத்திலேயே, தீமை செய்யும் கூட்டத்தின் பின்னால் போகாதே என்கிறது. வதந்தியும் கூட்டமும் அன்றைக்கே பக்கத்துப் பக்கத்தில்! போதிய ஆதாரமின்றி அயலார்மேல் குற்றத்தை நம்புவதே எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவம் என்பது திருச்சபையின் மறைக்கல்வி. கெடுத்த நற்பெயருக்கு ஈடுசெய்யும் கடமையும் உண்டு. ஒப்புரவு அருள்சாதனத்தில் பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது; எந்தக் குழுவில் தவறான செய்தியைப் போட்டோமோ, அதே குழுவில் "அது தவறு, மன்னியுங்கள்" என்றும் போடவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும்.

வாட்ஸ்அப் நிறுவனமே 2018இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் அனுப்பமுடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி காட்டுகிறது. அந்தக் குறியைப் பார்த்தால், முதலில் எழுதியவர் யாரென்று அனுப்பினவருக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தச் செபத்தைப் பதினொரு பேருக்கு அனுப்பினால் அற்புதம், அனுப்பாவிட்டால் தீங்கு என்று மாதா படத்தோடு வருகிறதே, அது முன்பு போஸ்ட் கார்டில் வந்த அதே மூடநம்பிக்கை. நம் தாய் யாரையும் மிரட்டமாட்டார். தாராளமாக அழித்துவிடுங்கள்.

பெரோயா நகரத்தார் பவுலடியார் பேசியதை ஆர்வத்தோடு கேட்டார்கள். அதோடு, அது உண்மையா என்று நாள்தோறும் மறைநூலைப் புரட்டிப் பார்த்தார்கள். லூக்கா அவர்களைப் புகழ்கிறார். திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம், 11ஆம் வசனம். நான் இங்கே சொன்ன வசனங்களையும் இன்று இரவு குடும்ப செபத்தின்போது திருவிவிலியத்தைத் திறந்து, நான் சொன்னபடிதான் இருக்கிறதா என்று பாருங்கள்.