ஊர் விரிந்தால் உறவு சுருங்கலாமோ?



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்று நாம் இம்மன்றத்திற்கு வந்துசேரும் வழியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். வழி இல்லையேல் மன்றமும் இல்லை அன்றோ?

திருவனந்தபுரத்துத் தமிழர் வாழ்வு நெடுங்காலம் நடந்தே நடத்திய வாழ்வாகும். கோட்டையகத்தும் கரமனையிலும் வலியசாலையிலும் வாழ்ந்தோர்க்குக் கோயிலும் பள்ளியும் கூப்பிடு தொலைவில் இருந்தன. திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் வளர்த்த சாலைக் கடைத்தெருவில், வேண்டிய பண்டமெல்லாம் கிடைத்தன.

தொலைவு சென்றோர்க்குத் துணை நின்றது அரசுப் பேருந்து. 1938ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜா அப்பணியைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்துப் பணியில் பழகிய சால்டர் என்பார் அதனை அமைத்தார். முதல் வழித்தடம் கன்னியாகுமரிக்கு, தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டின் ஊடே சென்றது. 1965இல் அத்துறை கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. 'ஆனவண்டி' என்று மக்கள் அதனை அன்புடன் அழைக்கின்றனர்.

1990இல் டெக்னோபார்க் தோன்றியபின் நகரம் வடக்கே விரிந்தது. நம் பிள்ளைகள் கழக்கூட்டத்திலும் காரியவட்டத்திலும் ஸ்ரீகாரியத்திலும் வீடு வாங்கினர்; பெற்றோரையும் உடன் அழைத்துச் சென்றனர். வீடு பெரிது, காற்று நன்று. ஆனால் காலையில் மகன் காரில் அலுவலகம் சென்றபின், அவ்வீட்டுப் பாட்டி எங்ஙனம் வெளியே செல்வார்?

இவ்வூர் மேடும் பள்ளமும் நிறைந்தது. பேருந்து பெருஞ்சாலையில் ஓடும். வீடோ குறுகிய ஏற்றத்தின் உச்சியில் இருக்கும். இடவப்பாதி மழையில் அந்த ஏற்றம் வழுக்கும். நடைபாதை இல்லாத இடங்களில் வண்டிகளை ஒட்டியே நடக்கவேண்டும். விரைந்தோடும் ஊர்திகளுக்கிடையே புறவழிச்சாலையைக் கடப்பதற்கு இளைஞரே அஞ்சுவர். ஆட்டோவில் சென்றால் திரும்பும் கூலியும் சேர்த்துக் கேட்கப்படுவதுண்டு. இவற்றை எண்ணி முதியோர் வீட்டிலேயே அமர்ந்துவிடுகின்றனர். இது நம் சங்கத்திற்கும் பேரிழப்பாகும்.

எனினும் வழிகள் உள. கழக்கூட்டத்திலிருந்து ஸ்ரீகாரியம், உள்ளூர், கேசவதாசபுரம், பட்டம், பாளையம் வழியாகக் கிழக்கேகோட்டை செல்லும் பெருஞ்சாலையில் பேருந்துகள் ஓடுகின்றன. நேர்ப்பேருந்துக்கே காத்திராமல், முதலில் வருவதில் ஏறிப் பாளையத்திலோ உள்ளூரிலோ மாறிச் செல்லப் பழகுதல் நன்று. கழக்கூட்டத்தில் நிற்கும் பயணிகள் ரயிலில் ஏறினால், நெரிசலில் சிக்காமல் பேட்டையிலோ தம்பானூரிலோ இறங்கலாம். எல்லாப் பேருந்தும் கிழக்கேகோட்டையையே நாடாமல் நகரைச் சுற்றிவரும் வட்டப் பேருந்துகளை 2021இல் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. பல இடங்களை ஒரே வட்டத்தில் இணைக்கும் அந்நோக்கம் பாராட்டத்தக்கது.

தமிழகத்திலிருந்து புதிதாக வரும் தாய்மார்க்கு வேறோர் இடரும் உண்டு. பேருந்தின் பெயர்ப்பலகையை அவர்களால் படிக்க இயலவில்லை. நாம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கின்றோம். அப்பிள்ளைகள் பாட்டிக்கு மலையாள எழுத்தைக் கற்பிக்கட்டும். பத்து ஊர்ப்பெயர்களைப் படிக்கத் தெரிந்தால், பிறர் துணையின்றி நகர் முழுதும் செல்லும் துணிவு பிறக்கும்.

வீடு தேடுவோரே! கிணற்றையும் கார் நிறுத்தும் இடத்தையும் பார்க்குமுன், பேருந்து நிறுத்தம்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். அதுவும் மாலையில், மழையில் நடந்து பாருங்கள். நீங்கள் முதுமை எய்தும் நாளில் அத்தொலைவே உங்கள் உரிமையின் அளவாக நிற்கும்.

சங்கத்தாருக்கும் மூன்று வேண்டுகோள்கள். கூட்டங்கள் பேருந்து நிறுத்தத்திற்கு அருகில் நடைபெறட்டும். இரவுப் பேருந்துகள் குறையுமுன், ஏழு மணிக்குள் அவை முடியட்டும். கார் உடையோர், தம் வழியில் வாழும் முதியோர் ஒருவரையேனும் அழைத்து வரட்டும். நடைபாதையும் நிழற்குடையும் வேண்டி மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கும்போது, மலையாள அயலாரையும் உடன் அழைத்துச் செல்வோம். மழையும் வெயிலும் இருவர்க்கும் பொதுவே.

கார் வைத்திருப்பது குற்றமன்று. காரில்லாதவர் வீட்டுச்சுவருக்குள் அடைபட்டுக் கிடப்பதே குறை. அக்குறையை நீக்கினால், அடுத்த ஆண்டு விழாவில் இம்மன்றத்தின் முன்வரிசை நம் மூத்தோரால் நிறைந்திருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!