கறுப்பு அங்கி அணியும் முன்பே கடமை தொடங்குகிறது!

(நெய்வேலி நகரியத்தில் சட்டக் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நெய்வேலியில் நின்று சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு டில்லிக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் முதனை கிராமத்திலிருந்தே தொடங்கலாம். 1993 மார்ச் மாதம் திருட்டுப் பழி சுமத்தி, ராஜாகண்ணு என்ற ஏழைக் கூலித் தொழிலாளியைக் கம்மாபுரம் காவல் நிலையத்திற்குக் கொண்டு போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. மனைவி பார்வதியிடம் பணமும் இல்லை, செல்வாக்கும் இல்லை. மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்கள் துணை நின்றார்கள். வழக்கறிஞர் கே. சந்துரு கட்டணம் வாங்காமல் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். 2006இல் அந்தக் காவலர்களுக்கு உயர்நீதிமன்றம் தண்டனை வழங்கியது. 13 ஆண்டுப் போராட்டம்! 2021இல் 'ஜெய் பீம்' திரைப்படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு இது தெரிய வந்தது.

"அது நம் சமுதாயத்து வழக்கு இல்லையே" என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் இளமைக் காலம் பதில் சொல்கிறது. யமன் நாட்டு வணிகர் ஒருவர் மக்காவுக்குச் சரக்கு கொண்டு வந்தார். குறைஷிப் பிரமுகர் ஆஸ் பின் வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்தார். அந்த வெளியூர்க்காரருக்கு மக்காவில் கோத்திரம் இல்லை, ஆதரவு இல்லை. அப்போது அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் வீட்டில் சிலர் கூடினார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் எவராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உறுதி எடுத்து, அவரது உரிமையை மீட்டுக் கொடுத்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் எனப்படும் அந்த ஒப்பந்தத்தில் பங்கேற்றபோது நபியவர்களுக்கு ஏறத்தாழ 20 வயது. இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய ஒப்பந்தத்திற்கு அழைத்தால் வருவேன் என்றார்கள். மாணவர்களே, உங்கள் வயதை எண்ணிப் பாருங்கள்! வணிகர்களே, பாதிக்கப்பட்டவர் ஒரு வணிகர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்!

நமக்கும் பிறர் நின்றிருக்கிறார்கள். ஹுசைனாரா காத்தூன் என்ற பெயரை ஒவ்வொரு சட்ட மாணவனும் படிக்கிறான். பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களில் ஒருவர் அவர். அவர்களைப் பற்றிய பத்திரிகைச் செய்தியை எடுத்துக்கொண்டு உச்சநீதிமன்றம் சென்றவர் வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி. விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979இல் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

"இன்னும் படித்துக்கொண்டிருக்கும் நான் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறீர்களா? டில்லி சட்டக் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், ஒரு சமூக சேவகருடன் சேர்ந்து, பெண்கள் காப்பகத்தின் அவலம் பற்றி உச்சநீதிமன்றத்திற்கு எழுதினார். நீதிமன்றம் அதை வழக்காக ஏற்றது. 1981ஆம் ஆண்டு எஸ்.பி. குப்தா தீர்ப்பிலேயே இது பதிவாகியுள்ளது.

மாணவன் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் வாதத்திற்கு முந்தைய வேலைகள் பல உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரச் சட்ட மாணவர்களுக்கு வழி இருக்கிறது. கடலூர் மாவட்ட ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படியுங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர், தொழிலாளர்கள் எல்லோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்ற கேள்வி கிடையாது. இந்த நகரியத்தைச் சுற்றியுள்ள ஒப்பந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜீவனாம்சத்திற்காக ஜமாஅத் வாசலில் அலையும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 15100 என்ற இலவச எண்ணைச் சொல்லிக் கொடுப்பதே ஒரு சேவைதான்.

கடலூர் கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல் முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்குப் பாதிக் காலம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்று தேதிகளைக் கணக்கிட ஒரு நோட்டும் பேனாவும் பொறுமையும் போதும். கணக்கிட ஆளில்லாததால் ஒருவன் உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

வணிகப் பெருமக்களே! ஊரில் கைது என்றதும் நள்ளிரவில் வக்கீல் தேடி ஓடுகிறோம். பொறியியலுக்கும் வளைகுடா விசாவுக்கும் செலவிடும் நாம், சட்டம் படிக்கும் பிள்ளையைப் பார்த்து "கேஸ் கிடைக்குமா?" என்று கேலி பேசுகிறோம். சேவைக்கு வரும் மாணவனுக்குப் பேருந்துச் செலவு, சட்டப் புத்தகம், தீர்ப்பு நகல் இவற்றை ஏற்றுக்கொள்ளுங்கள். பயன் உங்களுக்கும் உண்டு. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கும் வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இதைத் தள்ளுவண்டிக்காரருக்கு விளக்கி மனு எழுதித் தர அந்த மாணவனே போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உதவி கேட்டு வருபவரிடம் மதத்தையும் சாதியையும் கேட்காதீர்கள். ஃபுளூல் ஒப்பந்தத்தில் அந்தக் கேள்வி இல்லை. நம்மிடமும் இருக்கக் கூடாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம்மை நீதியின் பக்கம் நிற்போராக ஆக்குவானாக!