குட்டி யானைக்கு இன்ஜின் வேலை: வீட்லயே பண்ணிடலாமா?

போன வாரம் ஆரம்பிச்ச டேட்டாபேஸ் கதையோட மிச்சம் இன்னைக்கு இல்ல, மன்னிச்சுக்கோங்க. மூணு வாரமா என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்தது வேற விஷயம். எங்க அப்பாவோட டாடா ஏஸ்.

நாங்க படூர்ல இருக்கோம். அப்பா தண்ணி கேன் போடுறார். நாவலூர்ல இருந்து கேளம்பாக்கம் வரைக்கும் அபார்ட்மென்ட், ஹாஸ்டல், பேச்சுலர் ரூம்னு வாடிக்கை. காலைல ஆறு மணிக்கு முதல் லோடு கிளம்பும். அந்தக் காசுலதான் நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சேன். படிச்சுட்டு சிறுசேரியில உட்கார்ந்து ஜாவா எழுதுறேன். சிரிக்காதீங்க, ஓ.எம்.ஆர்ல பாதி பேரோட கதை அதுதான்.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கொஞ்ச நாளா நீலப் புகை. நாலு நாளைக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்குது. ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா உள்ளேருந்து புசுபுசுன்னு காத்து வருது. மெக்கானிக்குங்க இதை 'பேக் கம்ப்ரஷன்'னு சொல்வாங்க. எரியுற வாயு பிஸ்டனைத் தாண்டி கீழ இறங்குதுன்னு அர்த்தம். எங்க மெக்கானிக் அண்ணன் பார்த்துட்டு, "தம்பி, ஃபுல் இன்ஜின் வேலை. 48 ஆயிரம் வரும்"னுட்டார்.

நான் உடனே எக்செல் ஷீட் திறந்தேன். ரிங், பேரிங், கேஸ்கெட், பிஸ்டன் எல்லாம் சேர்த்தா சாமானுக்கு 22 ஆயிரம்தான். மிச்சம் கூலியும் லேத் வேலையும். அப்புறம் ஏன் நாமளே பண்ணக்கூடாது?

அது ஒண்ணும் முட்டாள்தனமான யோசனை இல்ல. ஏஸ் 2005-ல வந்த வண்டி. அதுல இருக்கிறது ரெண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத் திறன். இண்டிகா கார்ல இருந்த நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியா வெட்டினா என்ன வருமோ அதுதான் இது. சிலிண்டர் குறுக்களவு கூட அதே 75 மில்லிமீட்டர். பெரிய லாரி இன்ஜின் மாதிரி கிரேன் வேண்டாம். ஒரு செயின் பிளாக், ரெண்டு ஆளு, போதும்.

புதுப்பேட்டையில ஒரு பழைய இன்ஜினை வாங்கி மாட்டிடலாம்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னான். வேண்டாம்னு விட்டேன். இன்ஜின் நம்பர் ஆர்.சி. புக்ல இருக்கு. மாத்தினா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதியணும். எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேற. அதோட, அந்த இன்ஜின் எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?

சரி, முதல்ல அளந்து பார்ப்போம்னு மெக்கானிக் அண்ணன்கிட்டயே கேஜ் வாங்கிட்டு வந்து, இன்ஜெக்டரைக் கழட்டி, அந்த ஓட்டையில மாட்டி கம்ப்ரஷன் பார்த்தேன். ஒண்ணாவது சிலிண்டர் 390 பி.எஸ்.ஐ. ரெண்டாவது 270. டீசல் இன்ஜின்ல எரிபொருளைப் பத்த வைக்கிறதே அந்த அழுத்தத்துல வர்ற சூடுதான். ரெண்டாவது சிலிண்டர் ஏன் காலையில இருமுதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

இங்கதான் என் எக்செல் ஷீட் உடைஞ்சது. ரிங் மட்டும் மாத்தினா போதும்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா பிஸ்டன் நேரா மேலயும் கீழயும் மட்டும் போறதில்ல. கனெக்டிங் ராட் சாய்ஞ்சு நிக்கும்போது சிலிண்டர் சுவரை ஒரு பக்கமா அழுத்தும். வருஷக்கணக்கா அழுத்தினா அந்தப் பக்கம் அதிகமா தேய்ஞ்சு, வட்டம் முட்டை மாதிரி ஆயிடும். முட்டை வடிவ ஓட்டையில வட்டமான புது ரிங்கைப் போட்டா எப்படி அடைக்கும்? அதனால லேத் பட்டறையில அளந்து, தேவைப்பட்டா போர் பண்ணி, அதுக்கேத்த மாதிரி கால் மில்லியோ அரை மில்லியோ ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கணும். அளக்காம முன்னாடியே பிஸ்டன் வாங்குறது வீண் செலவு. நான் ஆன்லைன்ல கார்ட்ல போட்டு வச்சிருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

ஆக, வீடோ ஷெட்டோ, முக்கியமான வேலை எப்படியும் லேத்துலதான். என் கையில மிஞ்சுறது பிரிக்கிறதும் பூட்டுறதும். பூட்டுறதும் லேசு இல்ல. டைமிங் ஒரு பல்லு தப்பினா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். எங்க வீட்டு வாசல் ரோட்டோரம். ஆடி மாசக் காத்துல மண்ணு சோத்துலயே விழுது. பேரிங்ல விழாதா?

இதெல்லாம் இருந்தும் பண்ணிடலாம்னுதான் இருந்தேன். உண்மையைச் சொல்லணும்னா, டிகிரிக்கு ஒரு தடவையாவது வேலை கொடுக்கணும்னு ஆசை. அப்பா முழுசா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"எத்தனை நாள்டா?"

சனி, ஞாயிறு மட்டும்தான் எனக்கு லீவு. நாலு வாரம், அஞ்சு வாரம் ஆகலாம்னேன்.

"மூணு நாள் கேன் போகலைன்னா அவங்க வேற ஆள்கிட்ட வாங்குவாங்க. அப்புறம் என்கிட்ட திரும்ப வரமாட்டாங்கடா."

என் ஷீட்ல நாளுக்குன்னு ஒரு காலமே இல்ல. எல்லாமே ரூபாய்.

மெக்கானிக் அண்ணன் ஆறு நாள் கேட்கிறார். அந்த ஆறு நாளுக்கும் வாடகைக்கு ஒரு லோடு ஆட்டோ பேசியாச்சு. வேலை அவர் ஷெட்லதான். நான் ரெண்டு நாள் லீவு போட்டு ஹெல்ப்பரா போறேன். கூலியில நாலாயிரம் குறைச்சுக்கிட்டார், ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறதுக்கு. போர் அளக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும்னு மட்டும் கேட்டுக்கிட்டேன்.

இன்னொரு பஞ்சாயத்து பாக்கி இருந்துச்சு. ஏஸ் சுமக்க வேண்டியது 750 கிலோ. அப்பா ஏத்துறது 60 கேன். ஒரு கேன் 20 லிட்டர், தண்ணி மட்டுமே 1,200 கிலோ ஆச்சு. இன்ஜின் ஏன் இப்படி ஆச்சுன்னு கேஜ் வச்சுப் பார்க்கவே வேண்டாம். புது ரிங் செட் ஆகுற வரைக்கும் முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாதி லோடுதான்னு நான் அடம் பிடிச்சேன். "அப்ப ரெண்டு நடை அடிக்கணும், டீசல் உங்க கம்பெனி போடுமா?"ன்னார். அரை மணி நேரம் பேசி 35-ல நிக்குது. அதுக்கு அப்புறமும் 35-தான்னு நான் சொல்றேன். அவர் இன்னும் பதில் சொல்லல.

வியாழக்கிழமை காலைல வண்டியைக் கொண்டு போய் விடுறோம். ரெண்டாவது சிலிண்டர் எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.