வரிச்சலுகைக்காக நாடு கொடுத்த வாக்கில் நமக்கும் பங்கு உண்டு

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்குமான கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



ஜீ.எஸ்.பி. பிளஸ் என்ற பெயரைச் செய்தியில் அடிக்கடி கேட்கிறோம். அது கொழும்பு ஏற்றுமதிக் கம்பனிகளின் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். அதற்கும் நம் கொழுந்துக் கூடைக்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

வெளிநாட்டுப் பொருட்கள் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் போகும்போது அவற்றில் பலவற்றுக்குச் சுங்கவரி உண்டு. ஜீ.எஸ்.பி. பிளஸ் கிடைத்த நாட்டுக்கு, வரிப்பட்டியலில் உள்ள பொருள்வகைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு அந்த வரி இல்லை. நிலையான அபிவிருத்திக்கும் நல்லாட்சிக்குமான விசேட ஊக்குவிப்பு ஏற்பாடு என்பதுதான் அதன் முழுப்பெயர். நிபந்தனை பெயரிலேயே இருக்கிறது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச சமவாயங்களை நாடு ஏற்று நடக்க வேண்டும். ஐரோப்பா வரியை விட்டுக்கொடுக்கிறது, நம் அரசாங்கம் வாக்குக் கொடுக்கிறது.

அந்த வாக்கு வெறும் காகிதம் அல்ல. இலங்கைக்கு 2005 இல் இந்தச் சலுகை கிடைத்தது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமை ஆகிய மூன்று சமவாயங்களைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010 ஓகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது.

"தேயிலைக்கு இதில் என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், கறுப்புத் தேயிலை ஐரோப்பாவுக்குள் எப்படியும் வரியில்லாமல்தான் போகிறது. பெரிய லாபம் ஆடைத் தொழிலுக்குத்தான். ஆனால் கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் காமண்டில் வேலை செய்கிறவர்களில் நம் லயன்களிலிருந்து போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் காசில் அடுப்பெரியும் வீடுகள் இங்கே உண்டு.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்த 27 சமவாயங்களில் 8, சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் அடிப்படைச் சமவாயங்கள். 87 ஆம் இலக்கம், சங்கம் அமைக்கும் சுதந்திரம். 98 ஆம் இலக்கம், கூட்டாகப் பேரம் பேசும் உரிமை. 100 ஆம் இலக்கம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம். 138 உம் 182 உம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் காப்பவை. நம் நாட்டில் வேலைக்கான குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

இவை ஆடைத் தொழிற்சாலையின் வாசலோடு நின்றுவிடுவதில்லை. நாட்டில் உள்ள எல்லாத் தொழிலாளருக்கும் உரியவை. 98 ஆம் இலக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முன்பு தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் உட்கார்ந்து பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்தார்கள். 2021 இல் 1000 ரூபா நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. அதோடு கூட்டு ஒப்பந்தம் நின்றுபோனது. சம்பளம் வர்த்தமானியில் வருகிறது. ஆனால் ஒரு பேருக்கு எத்தனை கிலோ, எப்போது அரைப்பேர் என்பதையெல்லாம் பேசிக் கையெழுத்து வைக்கும் மேசை இல்லை. அந்த மேசை நமக்கு வேண்டும்.

நாடு வாக்கைக் காப்பாற்றுகிறதா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு வருகிறது. அரசாங்கத்தை மட்டுமல்ல, தொழிற்சங்கங்களையும் சந்திக்கிறது. அங்கே "எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் போதாது, ஆதாரம் வேண்டும். ஆகவே தலைவர்களுக்கும் தலைவிகளுக்கும் என் வேண்டுகோள் இது. சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அரைப்பேர் போட்டால் திகதியையும் நிறுத்த கிலோவையும் கொப்பியில் எழுதுங்கள். சேமலாப நிதிக்கு வெட்டிய பணம் கணக்கில் சேர்ந்ததா என்று பாருங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக யாருக்காவது வேலை மறுத்தால் அன்றைக்கே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சலுகையை நிறுத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. நிறுத்தினால் முதலில் வேலை போவது நம் பிள்ளைகளுக்கும் அவர்களோடு தையல் இயந்திரத்தில் இருக்கும் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளுக்கும்தான். சலுகையும் தொடர வேண்டும், கொடுத்த வாக்கும் நிறைவேற வேண்டும் என்பதுதான் நம் நிலைப்பாடு.

 ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு கொப்பியாவது நம் சங்கக் காரியாலயத்துக்கு வந்து சேர வேண்டும். அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே அதை ஆரம்பியுங்கள்.