வாக்கும் காணியும்



பாடசாலை அதிபராயிருப்பவள் நாளொன்றுக்கு எத்தனையோ இடங்களிற் கையொப்பமிட வேண்டியவள். விடுகைப் பத்திரமாயினும், ஆசிரியரின் லீவுப் படிவமாயினும், காசோலையாயினும் என் கையொப்பம் செல்லும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன், என் தாயார் சீதனமாக எழுதித் தந்த இரண்டு பரப்புக் காணியை நான் விற்க முனைந்தபோது, அந்தக் கையொப்பம் போதாது என்று நொத்தாரிசு கூறினார். கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமாம். அவர்மீது குற்றமில்லை, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட மனைவியருக்கு அவ்வாறே விதித்தது. இதனைச் சற்று நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய கதையைக் கேளுங்கள்.

1927ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்று இலங்கைக்கு வந்தது. அக்காலத்தில் வாக்குரிமை பெற்றிருந்தோர் குடிசனத்தில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே, அவர்களும் ஆடவரே. அவ்வாண்டு டிசம்பரிற் கொழும்பில் மாதர் வாக்குரிமைச் சங்கம் தோன்றியது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்க தலைவியானார். அக்னஸ் டி சில்வா செயலாளரானார். சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற வேற்றுமை பாராது பல சமூகப் பெண்களும் அதிற் சேர்ந்திருந்தனர். பெரும்பாலோர் வசதி படைத்த வீட்டுப் பெண்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சங்கத்தார் ஆணைக்குழு முன் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்னும் கருத்தில் அக்னஸ் அம்மையார் தயங்காது விடையளித்தார். சீமாட்டி ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்காகப் பேசினார் என்பதே இவ்வரலாற்றில் எனக்கு மிக உவப்பான இடம். தமக்கு மட்டும் கேட்டிருந்தாற் காரியம் எளிதாய் முடிந்திருக்கலாம். எதிர்ப்போ பலமாயிருந்தது, நம்மவருட் பெருந்தலைவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களும் பெண்களுக்கு வாக்களிப்பதை விரும்பவில்லை. பெண் கல்விக்காக இராமநாதன் கல்லூரியை நிறுவியவரும் அவரே! மனிதர் மனம் அப்படித்தான்.

1928இல் வெளிவந்த அறிக்கை முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு வாக்களிக்கலாம் என்றது. இறுதியில் ஆண், பெண் இருபாலார்க்கும் இருபத்தொரு வயது என்றே முடிவாயிற்று. 1931 ஜூனிற் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. அவ்வாண்டிலேயே அடலின் மொலமூரே இடைத்தேர்தலிற் சபைக்குச் சென்றார். 1932இல் வட கொழும்பிலிருந்து நேசம் சரவணமுத்து சென்றார்.

யாழ்ப்பாணத்துப் பெண்களோ அந்த முதல் வாக்கை அளிக்கவில்லை. பூரண சுயாட்சி தரப்படவில்லை என்று வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. வடக்கின் நான்கு ஆசனங்கள் 1934 வரை வெறுமையாய்க் கிடந்தன. பகிஷ்காரம் செய்த இளைஞரின் உள்ளத்தூய்மையை நான் ஐயுறேன். எனினும் அன்றுதான் உரிமை பெற்ற பெண்களிடம் யாரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது என் மனத்தில் இன்றும் எழும் வினா. தோட்டப் பெண்களின் கதை அதனினும் கொடியது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அவர்களுட் பெரும்பாலோர், தம் ஆடவரோடு சேர்ந்து, குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்க 2003 வரை சட்டம் காத்திருந்தது.

இனிக் காணிக்கு வருவோம். 1923இல் வந்த விவாகமான மாதரின் சொத்துச் சட்டம் ஏனைய பெண்கள் பலருக்குத் தம் சொத்தைத் தாமே ஆளும் உரிமையைத் தந்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்களை அது விலக்கிவிட்டது. எனவே நாம் மரண சாசனத்தால் நம் காணியை விரும்பியவர்க்கு எழுதலாம். 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி, உயிரோடிருக்கையில் விற்கவோ ஈடுவைக்கவோ கணவர் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவருடைய முதுசத்தை அவர் விற்பதற்கு மனைவியின் சம்மதம் தேவையில்லை.

வழக்கம் என்று சொல்லிவிட்டால், பிற சமூகத்தார் அது உங்கள் வீட்டு விடயம் என்று ஒதுங்குகின்றனர். நம்மவர் நம் தனித்துவம் போய்விடும் என்று அஞ்சுகின்றனர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கேட்ட முஸ்லிம் பெண்களும் இதே சுவரில்தான் மோதினர். இவ்விடத்தில் ஒரு சங்கம் தனித்து நின்றாற் பயனில்லை. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து இடம் என்னும் 2016ஆம் ஆண்டின் சட்டம், பல சங்கங்கள் பல காலம் ஒருமித்துக் கேட்டதன் பின்னரே வந்தது.

சென்ற ஆண்டு ஒரு மாணவனின் தாயார் என்னிடம் வந்தார். போர்க்காலத்திற் கணவர் காணாமற் போனவர். மகனின் மேற்படிப்புக்காகத் தம் சீதனக் காணியை ஈடுவைக்க விரும்பினார். இருப்பிடம் அறியப்படாத கணவருக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம் என்பது சட்டத்தில் உண்டு. அதனை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. விண்ணப்பம் எழுத நானும் ஒரு சட்டத்தரணியும் உதவினோம். ‘அவர் இல்லை என்று நான் எழுத வேண்டுமா, ரீச்சர்?’ என்று அத்தாயார் கேட்டார். இருக்குமிடம் தெரியாது என்று எழுதினாற் போதும் என்றேன். அதன் பிறகே அவர் பேனாவைக் கையில் வாங்கினார்.