ஆணமும் தமிழே

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலோரப் பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு இது பழகிய காட்சி. "நேத்து உங்க வீட்டுல என்ன சமையல்?" என்று கேட்கிறோம். "மீன் ஆணம், டீச்சர்" என்கிறாள் ஒரு குழந்தை. வகுப்பு சிரிக்கிறது. "குழம்புன்னு சொல்லும்மா" என்று திருத்துவது எளிது. ஆனால் குழம்பு என்ற சொல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அன்று அவள் புதிதாகத் தெரிந்துகொள்வது, தன் அம்மா பேசுவது பிழை என்பதைத்தான். அடுத்த முறை கேள்வி கேட்டால் அவள் வாய் திறக்க யோசிப்பாள்.

அது பிழையா? காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களில் இஸ்லாமியர் வீடுகளில் குழம்பை ஆணம் என்பார்கள். புளி கரைத்து வைப்பது புளியாணம். இதை அரபுச் சொல் என்று எண்ணுவோரும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினால், குழம்பு என்ற பொருளோடு ஆணம் அங்கே இருக்கிறது. நல்ல தமிழ்ச் சொல் அது.

மீன்களுக்கு வருவோம். சென்னையில் வஞ்சிரம் என்பது தூத்துக்குடியில் சீலா; கன்னியாகுமரியில் நெய்மீன். சென்னைக்காரர் மத்தி என்பதைத் தென்கடற்கரையில் சாளை என்பர். அங்கே கடம்பா, இங்கே கணவாய். மரவள்ளிக்கிழங்கு குமரி மாவட்டத்தில் மரச்சீனி. மாணவர் "வஞ்சிரம் தெரியாது" என்றால் மீன் தெரியாதவர் என்று பொருளல்ல. அந்த மீனை வலையிலிருந்து எடுத்த வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

இலக்கிய வகுப்புக்கும் இச்சொற்கள் உதவும். அகநானூற்றின் 60ஆம் பாடல் சேரரின் தொண்டியைப் பாடுகிறது. கடலில் மீன்பிடிக்கும் தந்தைக்கு மகள் சோறு கொடுக்கிறாள். உப்பு விற்றுப் பெற்ற நெல்லின் சோறு. அதன்மேல் அயிலை மீன் இட்ட புளிக்குழம்பு. கிழக்குக் கரையில் கானாங்கெளுத்தி எனப்படும் மீனைக் குமரிப் பிள்ளைகள் இன்றும் அயிலை என்றே சொல்கிறார்கள். அதே பாடலில் 'இறா' என்ற சொல்லும் வருகிறது. நாம் இறால் என்று எழுதுகிறோம். சென்னை மீனவக் குடியிருப்புப் பிள்ளை எறா என்கிறது. சங்கச் சொல்லுக்கு யார் அருகில் நிற்கிறார் என்று பாருங்கள்.

இலக்கணத்துக்கும் வழி உண்டு. கீழக்கரையின் புகழ்பெற்ற இனிப்பு தொதல். மலாய் மொழியின் தொதோல்தான் கடல் வணிகத்தோடு நம் கரைக்கு வந்து தொதல் ஆனது. திசைச்சொல்லுக்கு இதைவிட இனிப்பான எடுத்துக்காட்டு வேண்டுமா?

அப்படியானால் பொதுத்தமிழ் தேவையில்லையா என்று கேட்பீர்கள். கட்டாயம் தேவை. தேர்வும் விண்ணப்பமும் வெளியூர் வாழ்க்கையும் அதில்தான் நடக்கின்றன. வீட்டுச் சொல்லை அடிக்காமல் பொதுச்சொல்லை அதன் அருகில் எழுதிக் காட்டினால் போதும். மாணவருக்கு ஒரு சொல்லுக்கு இரண்டு கிடைக்கும்.

எங்கள் வகுப்பில் நடைபெறும் சில செயல்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, சுவரில் மூன்று பத்திகள் கொண்ட தாள்: வீட்டுச் சொல், பக்கத்து ஊர்ச் சொல், பாடநூல் சொல். வாரம் ஐந்து சொற்கள் போதும்.

இரண்டு, பாட்டியிடம் கேட்டு வருதல். ஓர் உணவின் பெயர், செய்முறை, எந்த நாளில் செய்வார்கள் என மூன்று கேள்விகள். வீட்டுப் பேச்சில் கேட்டதை எழுத்துத் தமிழில் எழுதி வர வேண்டும். ஏழாம் வகுப்பின் 'பேச்சுமொழியும் எழுத்துமொழியும்' பாடத்துக்கு இதுவே பயிற்சி.

மூன்று, மாற்றிச் சொல்லும் விளையாட்டு. ஒருவர் "சாளை" என்றால் மற்றவர் "மத்தி" என்பார். இதில் மெல்லக் கற்கும் மாணவர்கள் முந்துவதை நீங்களே காண்பீர்கள்.

இன்னொன்றும் நினைவில் வைப்போம். சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வது மாசி. அதைச் செய்யும் வீடும் உண்ணும் வீடும் குறைந்தால் சொல்லும் போய்விடும். பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் பொருளோடு நிற்கும்.

நாளை வகுப்பில் ஒரு குழந்தை புதிய சொல் ஒன்றைச் சொன்னால், "இதை உங்க வீட்டுல எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பேசத் தொடங்குவாள்.